முதல் பத்துப் பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம் என்று எழுதினால் அது பாதிப் பொய். எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்கு வலது கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்த வெளிச்சமும் போன மாதத்தோடு போய்விட்டது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர், இப்போது குளியலறைக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போகிறார். டிவியை மட்டும் விடவில்லை. காதால் பார்க்கிறார். "இப்ப யாரு அழறா? எதுக்கு அழறா?" என்று கேட்பார், நான் சொல்ல வேண்டும்.

உங்கள் டிவி சேனலின் புதிய எழுத்தாளர் போட்டி அறிவிப்பு வந்துவிட்டது. ஒரு மணி நேர நாடகம். டைப் செய்த பிரதி. பக்கங்களில் பெயர் இருக்கக் கூடாது, அவர்கள் தரும் எண் மட்டும். வயது நாற்பதுக்குள். நவம்பரில் எனக்கு நாற்பது முடிகிறது. ஐந்து முறை அனுப்பி ஐந்தும் கிணற்றில் போட்ட கல். இது ஆறாவது, இதுவே கடைசி.

கதை நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் நடக்கிறது. ஒரு வேன் டிரைவர் வருஷா வருஷம் கண் நன்றாகத் தெரிகிறது என்று சீட்டு வாங்க வருகிறார். கண் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் படிப்பதைக் கேட்டே கண் சோதிக்கிற எழுத்துச் சார்ட்டை மனப்பாடம் செய்துவிட்டார். கடைசி வரிசை வரை தடுமாறாமல் சொல்கிறார். சோதிக்கிற பெண்ணுக்கு மட்டும் தெரிகிறது, ஏனென்றால் அவர் சார்ட்டுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். சீட்டு எழுதுவதா, வேண்டாமா? அவ்வளவுதான் கதை. எப்படி இருக்கிறது?

"போன் எதுக்கு இருக்கு, இன்னும் லெட்டரா?" என்று கடையில் சிரிக்கிறார்கள். எழுதுகிற கை துருப்பிடிக்கக் கூடாது என்று நாம் போட்ட ஒப்பந்தம் அவர்களுக்கு எங்கே தெரியும்! ஆனால் நொட்டாங்கையா, எழுதின வரியை நீயே உள்ளங்கையால் துடைத்துக்கொண்டு போகிறாய். பாதியை நான் ஊகித்துத்தான் படிக்கிறேன்.

சீரியல் கதைக் குழு வேலை எப்படிப் போகிறது? உனக்காக என்ன எழுதுகிறாய்? எனக்கு நாலு பக்கம் அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துப் போனது. மருந்தை நிறுத்திவிடாதே. நான் சௌக்கியம். கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அது நல்லதுதான் என்று சொல்கிறார்கள்.

இங்கே எங்கள் அறை ஒரு நீளமான மேஜை, ஒரு பாட்டு பாடும் மின்விசிறி, சாய்ந்த அலமாரி. வேலை தலைக்கு மேல்.

உன் கதையைப் பற்றி. அக்கா, கோபித்துக்கொள்ளாதே. நல்ல கதை. ஆனால் இது தேறாது. உள்ளே இருப்பதால் சொல்கிறேன், ஆயிரக்கணக்கில் வருகிற பிரதிகளில் முதல் பத்துப் பக்கம்தான் படிப்பார்கள். உன் பத்தாம் பக்கத்தில் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். யார் காத்திருப்பார்கள்? போன வருஷம் பரிசு வாங்கிய மூன்றையும் பார்த்தேன். முதல் பத்துப் பக்கத்துக்குள் ஒரு சாவு, கன்னத்தில் ஒரு அறை, ஒரு உயில். மூன்றிலும் பெரிய வீடு, மாடிப்படி, மருமகள்கள். கடையை விட்டு வெளியே வா. கடைசி வாய்ப்பு என்கிறாய், அதை பெஞ்சில் உட்கார வைக்காதே.

என் எழுத்து நடந்துகொண்டிருக்கிறது. முடிந்ததும் காட்டுகிறேன்.

உன் நொட்டாங்கை


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறபடி இருக்கிறோம். உன் இளைப்பு நல்லது என்று சொன்னவன் வாயில் மண். முட்டை சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. பெரிய வீட்டைப் பற்றி எனக்கு என்னடா தெரியும்? நம் வீட்டில் ஏது மாடிப்படி? ஏணி வைத்துத்தான் மொட்டை மாடிக்குப் போகிறோம். டிரைவர் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வழக்கமாக நடுவில் நாலு கேள்வி கேட்பார். அன்றைக்கு முடிந்ததும் தண்ணீர் மட்டும் கேட்டார்.

ஆனால் நீ உள்ளே இருப்பவன், நான் வெளியே நிற்பவள். ஐந்து முறை என் இஷ்டத்துக்கு எழுதி என்ன கண்டேன்? தன் முதுகு தனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷமாக அந்த சார்ட்டோடு இருக்கிறேன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதனாலேயே என் கண் எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியாது. எழுத்தும் அப்படித்தான் போலிருக்கிறது.

கடை ஒன்று முதல் நாலு வரை மூடியிருக்கும் அல்லவா, அந்த மூன்று மணி நேரம் கண் சோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். நீ சொன்னபடியே. என் வாழ்க்கையில் எனக்கென்று இருப்பது அந்த மூன்று மணி நேரம்தான்.

உன் பக்கங்கள் இன்னும் வரவில்லை.

உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவைக் கேட்டதாகச் சொல். வேலை நெருக்கியடிப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நல்ல முடிவு எடுத்தாய். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். வசனம் உனக்கு எப்போதுமே கை வந்த கலை, அது எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும். தேதியைத் தவறவிடாதே. கவரில் அனுப்புகிறவர் பெயரைத் தெளிவாக எழுது, பக்கங்களில் எழுதிவிடாதே. பெயர் இருந்தால் படிக்காமலே தள்ளிவிடுவார்கள்.

நான் எழுதுவதை இப்போது கேட்காதே. மாவு இன்னும் புளிக்கவில்லை.

உன் நொட்டாங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் தவிர மற்றதெல்லாம் பரவாயில்லை.

அனுப்பிவிட்டேன்! அறுபத்திரண்டு பக்கம். டைப் செய்கிற அம்மாள் எட்டாம் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவங்களுக்கு நல்ல சாவே வராதுங்க" என்று என் வில்லியைத் திட்டினாள். அவள் எல்லாவற்றுக்கும் அழுகிறவள், கரண்ட் கட்டணப் புகாரை டைப் செய்தாலும் அழுவாள். இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தலைப்பைக் கேட்காதே, கதையையும் கேட்காதே. சொன்னால் கண் பட்டுவிடும். பரிசு வந்ததும் டிவியில் பார்த்துக்கொள்.

இன்னொரு விஷயம். முதலாளி ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் புதுக் கிளை திறக்கிறார். "நீங்கதாம்மா பாத்துக்கணும்" என்கிறார். அங்கே மத்தியானம் மூடுவது கிடையாது, ஞாயிறும் உண்டு. போனால் என் மூன்று மணி நேரம் போய்விடும். போட்டி முடிவு தெரியும் வரை அவகாசம் கேட்டிருக்கிறேன். இரண்டாம் சுற்றுக்குப் போனாலே போதும், கிளைக்கு வர முடியாது என்று சொல்லிவிடுவேன். அதுவும் இல்லையென்றால் எழுத்துக்கு ஒரு கும்பிடு. நாற்பது வயதுக்கு மேல் இந்த ஏக்கத்தைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

மனசு பறக்கிறது தம்பி. இந்த முறை என்னவோ நடக்கும் என்று தோன்றுகிறது.

உன் அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை, கண் எரிச்சல் மட்டும். உங்கள் கடைக்கு வந்தால் எனக்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிடுவாய்.

போட்டி அலுவலகத்தில் முதல் சுற்றுப் படிக்கிற வேலையில் என் நண்பன் ஒருவன் இருக்கிறான். அவன் கதையைக் கேட்டால் பாவமாக இருக்கிறது. ஆறு பேர், நாள் ஒன்றுக்கு ஆளுக்கு இருபது பிரதி. பத்துப் பக்கம் படித்து டிக் அல்லது பெருக்கல் குறி. இந்த வருஷம் புது வழக்கம், தள்ளிய பிரதிகளுக்குக் காரணம் எழுதி அனுப்புகிறார்கள். டைப் செய்ய நேரமில்லை, கையாலேயே ஒரு சீட்டில் இரண்டு வரி. முதல் வாரம் ஒவ்வொரு சீட்டுக்கும் பத்து நிமிஷம் யோசித்தானாம். இப்போது கை தானாக எழுதுகிறதாம். எல்லாப் பிரதியிலும் அதே மாடி வீடு, அதே உயில், அதே விஷம் கலந்த பால் டம்ளர். "இவங்க எல்லாரும் ஒரே வீட்லதான் குடியிருக்காங்க போல" என்கிறான்.

உன்னுடையது அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும். தைரியமாக இரு. அப்பாவுக்கு என் அன்பு.

உன் நொட்டாங்கை


ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து பேரை இதோடு எழுதி வைத்திருக்கிறேன். தினமும் போட்டுக்கொள். இத்தனை படித்தால் யாருக்கும் எரியும்.

உன் நண்பனிடம் ஒன்று கேட்டுச் சொல். சீட்டு எழுதும்போது, எழுதினவர் எப்படி இருப்பார் என்று அவனுக்கு நினைப்பு வருமா? வரவில்லையென்றால் தப்பில்லை. எங்கள் கடையிலும் ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண் பார்க்கிறேன். சாயங்காலம் ஒரு முகம்கூட ஞாபகமிருக்காது.

முதலாளிக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

நீ எழுதுகிறாயா?

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? முதலாளிக்கு என்ன பதில் சொன்னாய்? ஒத்துக்கொண்டிருந்தால் உடனே மாற்றிச் சொல்!

ஏன் தெரியுமா? நிராகரித்த சீட்டுகள் எல்லாம் ஜூனிலேயே தபாலில் போய்விட்டன. கடைசிக் கட்டு போனதை என் கண்ணால், அதாவது நண்பன் தன் கண்ணால் பார்த்திருக்கிறான். உனக்குச் சீட்டு வந்ததாக நீ எழுதவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? நீ இரண்டாம் சுற்றில் இருக்கிறாய் அக்கா! மூவாயிரத்தில் நூறு பேர்தான் மேல் மாடிக்குப் போயிருக்கிறார்கள், அதில் நீ ஒருத்தி. இங்கே தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்து மேஜைக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார்.

உன் எண் என்னவென்று எழுது. நண்பனிடம் விசாரிக்கச் சொல்கிறேன். அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு.

உன் நொட்டாங்கை


ஆகஸ்ட் 5

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, இடுப்பில் வீக்கம். உன்னை அலைய வைக்க வேண்டாம் என்றுதான் அப்போதே தெரிவிக்கவில்லை.

நீ சந்தோஷமாக எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். நீ சின்ன வயதில் இப்படித்தான் குதிப்பாய்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா


செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு வீக்கம் வடிந்ததா? எட்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பட்டியல் வந்துவிட்டது. நூறு பேர் பெயரையும் விரல் வைத்துப் படித்தேன். நீ இல்லை. உன் சீட்டு தபாலில் தொலைந்திருக்க வேண்டும். நான்தான் உனக்கு ஆசை காட்டி மோசம் செய்துவிட்டேன்.

இதற்கு மேல் என்னால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. நண்பன் என்று யாரும் இல்லை. அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பது நான்தான். கதைக் குழுவில் ஏழு மாதம்தான் இருந்தேன். என் வசனத்தைப் படித்துவிட்டு அங்கே தலைமை எழுத்தாளர், "தம்பி, நீ நல்லாப் படிக்கிறே, எழுத வேணாம்" என்று சொல்லி இங்கே அனுப்பி வைத்தார். இரண்டு வருஷமாகிறது. போட்டி இல்லாத மாதங்களில் பழைய பிரதிகளைக் கட்டி அடுக்குகிறேன். போட்டி அலுவலகத்தில் வேலை பார்ப்பவரின் உறவினர் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. சொன்னால் நேர்மை பார்த்து நீ விலகிவிடுவாய் என்று பயந்து மறைத்தேன். வெட்கமும் ஒரு காரணம். அதுதான் பெரிய காரணம்.

இதை மட்டும் நம்பு. ஒவ்வொரு பிரதியைத் திறக்கும்போதும் கண்ணாடிக் கடையைத் தேடினேன். ஊரை மாற்றினாலும், வீட்டை மாற்றினாலும், எங்காவது ஒரு மூலையில் அந்த சார்ட்டை வைத்திருப்பாய் என்று நினைத்தேன். கண்ணில் பட்டால் பத்துப் பக்கம் படிக்காமலே டிக் போடுவதாக இருந்தேன். வேலை போனாலும் சரி என்று. என் மேஜைக்கு அது வரவே இல்லை. வேறு யாரோ ஒரு பாவி தள்ளியிருக்கிறான்.

எனக்கென்று ஒரு பக்கம்கூட நான் எழுதவில்லை அக்கா. உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே பெருக்கல் குறி போட்டுவிடுகிறேன்.

டிரைவர் கதையின் பழைய பிரதியை எனக்கு அனுப்பு. யாரிடமாவது காட்டுகிறேன். காலில் விழுந்தாவது காட்டுகிறேன்.

உன் தம்பி


அக்டோபர் 25

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுந்து நடமாடுகிறார். நானும் சுகமே. புதுக் கிளையில் வேலை அதிகம், அதனால் பதிலுக்கு இத்தனை நாள். உண்மையில் அதனால் மட்டும் இல்லை. நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

சீட்டு தொலையவில்லை. ஜூன் பத்தொன்பதாம் தேதி வந்தது. எண் 1146. பிரித்ததும் எழுத்து கண்ணில் படவில்லை, அதன் மேல் இருந்த தேய்ப்புத்தான் பட்டது. இரண்டு வரியும் வலது பக்கமாக இழுபட்டு, மை பரவி. அந்தக் கையை எனக்குத் தெரியாதா? நீ பலகையில் எழுதும்போதே உன் உள்ளங்கையைக் கழுவிவிட்டவள் நான். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். ஜூலையில் சீட்டு வராதவர்கள் எல்லாம் தேறிவிட்டார்கள் என்று குதித்து எழுதினாயே, அந்தக் கடிதத்தையும் இந்தச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கை, ஒரே மை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு உன் மேல் எனக்கு ஆத்திரமும் வந்தது, மறைக்க மாட்டேன்.

கண்ணாடிக் கடையைத் தேடினாய் என்று எழுதியிருக்கிறாய். கடையை விட்டு வெளியே வா என்று சொன்னது நீதானேடா. நீ சொன்னதை நான் அப்படியே செய்துவிட்டேன். இரண்டாம் பக்கம் சாவு, ஐந்தாம் பக்கம் அறை, எட்டாம் பக்கம் உயில். சார்ட்டும் இல்லை, பெஞ்சும் இல்லை. ஒரு மூலையில்கூட வைக்கவில்லை, உன் பேச்சின் மேல் அவ்வளவு நம்பிக்கை. பால் டம்ளரும் உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த டிரைவர் யார் என்று நீ கேட்கவே இல்லை. அப்பாதான். ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் இருக்கும்போது எங்கள் கடைக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சார்ட்டை ஒப்பித்தார். நான் சீட்டு எழுதினேன், முதலாளி பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அப்புறம் இரண்டு வருஷம், அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைகிற வரை என் உயிர் என்னிடம் இல்லை. ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் எத்தனை பேர்! நாங்கள் இருவரும் இது பற்றி இதுவரை பேசியதில்லை. வாசித்துக் காட்டியபோது அவர் தண்ணீர் கேட்டது அதனால்தான். என்னிடம் எழுத இருந்தது அது ஒன்றுதான்.

பழைய பிரதியை அனுப்பச் சொல்கிறாய். அது இல்லை. புதுக் கிளைக்கு இன்னும் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற பெட்டிகள் வந்து சேரவில்லை, பழுது பார்த்த கண்ணாடிகளைச் சுற்றிக் கொடுக்கக் காகிதம் வேண்டியிருந்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு கண்ணாடி. போன வாரத்தோடு தீர்ந்துவிட்டது. வாங்கிப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, "இதுல என்னமோ எழுதியிருக்கே, முக்கியமான பேப்பரா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

அடுத்த மாதம் நாற்பது. இங்கே புது சார்ட் மாட்டியிருக்கிறார்கள், எழுத்துகள் வேறு வரிசையில். நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தாவது வரிசையோடு சரி. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் சீட்டைக் கிழிக்கவில்லை. என் கண்ணாடிக் கூட்டில் மடித்து வைத்திருக்கிறேன். "இந்த வீட்டுக்குள் எழுதியவர் ஒரு நாளும் நுழைந்ததில்லை. தனக்குத் தெரிந்த மனிதர்களைப் பற்றி எழுதியிருந்தால் கடைசிப் பக்கம் வரை படித்திருப்பேன்." ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உன் பக்கங்களை அனுப்பு, அனுப்பு என்று எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் எனக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டு வரிதான். நன்றாக எழுதியிருக்கிறாய் தம்பி.

சொட்டு மருந்தை விடாமல் போடு.

உன் அக்கா